டிஸ்பென்சரியும் பேசும் யந்திரமும்

2024 ஏப்ரலில் உலக சுகாதார ஸ்தாபனம் ‘சாரா’ என்னும் உரையாடும் யந்திரமொன்றை அறிமுகம் செய்தது. பெண் முகமும் இனிய குரலும் கொண்ட அது எட்டு மொழிகளிற் பேசுமென்றார்கள். இந்தியும் போர்த்துக்கேயமும் அவற்றுள் அடங்கின. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இக்குறையை நாம் பெரிதுபடுத்தவில்லை. மொழியை நாளை கற்பித்துவிடலாம்.

அது சொல்ல வந்தது யாது? சத்துள்ள உணவு உண்ணுங்கள், உடலை இயக்குங்கள், புகையிலையை விடுங்கள், மனச்சுமையைக் குறையுங்கள் என்பதே. விடிந்தது முதல் அட்டைக்கடியோடு சரிவேறிக் கொழுந்து பறித்து, நிறை குறைந்ததால் அரைப்பேரோடு லயம் திரும்பும் ஹற்றன் பெண்ணுக்கு உடலை இயக்கும்படி உபதேசம்! கேட்பவர் யாரென அறியாத அறிவுரை இப்படித்தான் இருக்கும்.

“நெஞ்சு கரிக்குது” என்பாள் ஒருத்தி. “நெஞ்சு அடைக்குது” என்பாள் மற்றொருத்தி. முன்னது பெரும்பாலும் வயிற்றின் புளிப்பு. பின்னது மாரடைப்பாகவும் இருக்கலாம். நல்ல வைத்தியர் திரும்பக் கேட்பார், நாடி பார்ப்பார், வியர்வையைக் கவனிப்பார். சாராவின் பதில்கள் எப்போதும் சரியாயிரா என்றும், வைத்திய ஆலோசனை கூற அது அமைக்கப்படவில்லை என்றும் ஸ்தாபனமே ஒப்புக்கொண்டது. நேர்மையான ஒப்புதல்தான். ஆயினும் வேறு வைத்தியரைக் காண வழியில்லாதவன் அவ்வெச்சரிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

நாம் யந்திரத்தின் பகைவர் அல்லர். நுவரெலியாவில் சிங்களம் மட்டும் அறிந்த வைத்தியருக்கும் தமிழ் மட்டும் அறிந்த நோயாளிக்கும் இடையே அது மொழிபெயர்க்குமாயின் வரவேற்போம். பிழை நேர்ந்தால் பொறுப்பு, மருந்தெழுதிக் கையொப்பமிட்ட வைத்தியருடையதாகவே இருக்கவேண்டும். தோட்ட வைத்திய உதவியாளரின் நிலையோ இன்னும் சிக்கலானது. அவர் கம்பனியிடம் சம்பளம் பெறுபவர். ஓய்வுத் துண்டு எழுதும்போது அவரது ஒரு கண் நோயாளி மீது, மறு கண் துரை மீது. அந்த மேசையிலே யந்திரமும் வந்தமர்ந்தால், பெண்ணொருத்தி அதனிடம் சொன்ன கருவுற்ற செய்தி யாருடைய பதிவேட்டில் தங்கும்? இதற்கு விடை கூறாமல் அதை அங்கே கொணர்வது தொழில் தர்மமாகாது.

வெற்றிடமான வைத்திய உதவியாளர் பதவியை நிரப்பாமல், “கையிலே போன் இருக்கிறதே” என்று நிர்வாகம் சொல்லத் துணியும் நாளையே நாம் அஞ்சுகிறோம். நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி யந்திரம் சரியாகவே சொல்லும். துரை பங்களாவின் கதவைத் தட்டி, லொறிச் சாவியை வாங்கி, டிரைவரை எழுப்பப் போகிறவர் யார்?