பலத்தின் பக்கத்தில் நிற்பவர்

ஆண்டுதோறும் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளில் தமிழக அரசு விருதுகள் வழங்குகிறது. ஆளெடுத்த நிறுவனத்துக்கும் உழைத்த சமூகப்பணியாளருக்கும் அதில் இடமுண்டு. அந்த நாளையொட்டிப் பேசுவோர் பலர் முன்வைக்கும் வாதம் ஒன்றுதான்: குறையைக் கணக்கெடுப்பதை விட்டுப் பலத்தைக் கண்டறிந்து வளர்த்தால் அறிவுசார் குறைபாடுள்ளவரும் சொந்தக் காலில் நிற்பார். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்த வாதம் எளிதில் எடுபடும். சிப்காட் வளாகங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. பிரித்து அடுக்குவது, எண்ணிக் கட்டுவது, லேபிள் ஒட்டுவது என்று கைவேலைக்கும் பஞ்சமில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் இவர்களுக்குச் சலிக்காது, அதுவே இவர்களுடைய பலம் என்று சிபாரிசு செய்பவர்களும் உண்டு. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறு. ஒருவரிடம் என்ன பலம் இருக்கிறது என்று கேட்கப் புறப்பட்ட அணுகுமுறை, கடைசியில் லைனில் எந்த இடம் காலியோ அதற்குப் பொருந்தும் பலத்தை அவரிடம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறது.

இந்த அணுகுமுறையால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. நுண்ணறிவு ஈவு என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு குழந்தையை மூலையில் உட்கார வைத்த வழக்கத்தை அது கேள்வி கேட்டது. நமக்கு அது அந்நியமும் இல்லை. 1970களிலேயே சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் வகுத்த மதராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை, 18 பகுதிகளில் 360 செயல்களை அடுக்கி, ஒருவரால் எவை முடிகின்றன என்று பார்க்கச் சொன்னது. ஆனால் அந்தப் பட்டியல் பாராட்டுப் பத்திரமாக எழுதப்படவில்லை. அடுத்து எதைக் கற்றுக்கொடுப்பது, யார் கற்றுக்கொடுப்பது என்று ஆசிரியர் திட்டமிடுவதற்காக எழுதப்பட்டது.

என் எதிர்ப்பு இந்த 'யார்' என்ற இடத்தில்தான் தொடங்குகிறது. பலம் சார்ந்த சமூகப்பணி 1980களில் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில், நெடுநாள் மனநோயுள்ளவர்களுக்காக உருவானது. சார்லஸ் ராப் போன்றோர் அதை நடைமுறையில் வளர்த்தார்கள். டென்னிஸ் சலீபி 1992இல் தொகுத்த நூல் அதைப் பரப்பியது. மனநோய் கூடும், தணியும். தணிந்த காலத்தில் அந்த மனிதர் இழந்த வேலையையும் நட்பையும் மீட்டெடுக்க முடியும் என்பதே அந்த முறையின் நம்பிக்கை. அங்கும்கூட ஒரு பணியாளரின் பொறுப்பில் சிலரே இருந்தார்கள். வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் அவர் கூடவே போனார். நம்மிடம் அந்த நம்பிக்கை வந்து சேர்ந்துவிட்டது. கூடவே போகும் பணியாளரும் அவருக்கான சம்பளமும் வரவில்லை. ஓசூருக்கு இன்னொரு முன்மாதிரியும் உண்டு. டைட்டன் கடிகார ஆலை தொடக்க காலத்திலிருந்தே செவித்திறன் இல்லாதவர்களையும் உடலியக்கக் குறைபாடுள்ளவர்களையும் வேலைக்கு எடுத்தது, அவர்கள் நுணுக்கமான வேலையைத் திறம்படச் செய்தார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் காது கேளாதவருக்குச் சைகை மொழி தெரிந்த சக ஊழியர்களும் விளக்கெரியும் எச்சரிக்கையும் அமைந்துவிட்டால் பெரும்பகுதி தடை நீங்கிவிடும். அறிவுசார் குறைபாடுள்ளவருக்கு வேண்டிய ஏற்பாடு ஒரு மனிதர். சூப்பர்வைசர் மாறும்போது, ஷிப்ட் மாறும்போது, பஸ் வேறு வழியில் போகும்போது, யாராவது ஏமாற்றப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டியவர். பத்து வருடம் கழித்தும் அவர் வேண்டும். முதல் வகைக் குறைபாட்டில் கிடைத்த வெற்றியை இரண்டாவதற்கும் அப்படியே பொருத்தியதால் இந்த மனிதர் கணக்கிலிருந்தே விடுபட்டுப் போனார்.

விடுபட்ட அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் தாய். இந்த மாவட்டத்தில் அந்தத் தாயையும் ஆலை அழைக்கிறது. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையின் ஊழியர்களில் பெரும்பாலோர் பெண்கள். போச்சம்பள்ளி ஓலா ஆலையும் பெண்களை முன்னிறுத்தியே தொடங்கியது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பத்தில் பாட்டியோ அத்தையோ உடனிருப்பதில்லை. மகனுக்கு முப்பது வயதானாலும் அவனை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போக முடியாத தாயிடம் அவனுடைய பலங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்து என்ன பயன்? தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். பகல் நேரத்துக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ள அது எந்த மூலைக்கு? அந்தத் தொகையைப் பெறவும் குறையைத்தான் நிரூபிக்க வேண்டும். மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை லேசான நிலைக்கு 50, நடுத்தரத்துக்கு 75, கடுமைக்கு 90, மிகக் கடுமைக்கு 100 விழுக்காடு என்று வகுத்தது. ஆக மருத்துவக் குழுவின் கோப்பில் குறை, பயிற்சி மையத்தின் கோப்பில் பலம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இவருடன் ஒருவர் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் கிடையாது. போதாக்குறைக்கு இது எல்லைப்புறம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவரைத் தமிழில் மதிப்பிட்டால் அவருடைய பேச்சே அவருக்குப் பலவீனமாகப் பதிவாகும். கூடப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் பலம் கண்ணில் படும்.

பலம் சார்ந்த முறை தேவையைப் புறக்கணிக்கச் சொல்லவில்லையே, சலீபியே அந்தக் குற்றச்சாட்டை மறுத்திருக்கிறாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு முறையை அதன் ஆசிரியரின் எச்சரிக்கையை வைத்து எடைபோட முடியாது. அது எந்தச் செலவைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். பழையபடி குறைப்பட்டியலுக்கே போகலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். மூன்றாவது வழி எப்போதோ வகுக்கப்பட்டுவிட்டது. அறிவுசார் குறைபாட்டுக்கான அமெரிக்கச் சங்கம் 1992இலேயே லேசான, கடுமையான என்ற தரவரிசையைக் கைவிட்டு, ஒருவருக்கு எவ்வளவு ஆதரவு, எந்தெந்த நேரத்தில் தேவை என்று வகைப்படுத்தியது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 38ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுவோர் அதைக் கேட்டு விண்ணப்பிக்க இடம் தருகிறது. தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கச் சலுகை தர 35ஆம் பிரிவு இருக்கிறது. அந்தச் சலுகையையும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும், தொழிலாளியின் பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கு நிரந்தரச் சம்பளமாகக் கொடுக்கலாம். ஓசூரில் ஆலை நடத்துவோருக்கு இது தாங்க முடியாத செலவு இல்லை. சமூகப்பணியாளர்கள் பயிற்சி மையத்துக்குச் சுவரொட்டி எழுதும் நேரத்தில், 38ஆம் பிரிவின்படி எத்தனை குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம் என்று கணக்கு வைக்கட்டும். டிசம்பர் 3 விருதுக்குப் பெயர் பரிந்துரைப்பவர்களும் அந்தக் கணக்கைக் கேட்கட்டும்.