வட்டுப் படிமம்: இலவசம் யாருக்கு எட்டுகிறது?

ஓர் இயங்குதளத்தை நிறுவத் தேவையான அனைத்தையும் ஒரே கோப்பாக்கித் தருவதே வட்டுப் படிமம். குறுவட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 9660 தரத்திலிருந்து இதற்கு ஐஎஸ்ஓ கோப்பு என்ற பெயர் வந்தது. லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகின்றன. விலை இல்லை, நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு. ஆனால் நல்ல கணினியும் தாராளமான இணையமும் ஏற்கெனவே உள்ளவரையே இம்முறை பயனராக எண்ணுகிறது.

முன்பு நிலை வேறு. உபுண்டுவின் கெனானிக்கல் நிறுவனம், ஷிப்இட் திட்டத்தில் கேட்டவர் முகவரிக்கே குறுவட்டை இலவசமாக அனுப்பியது. அஞ்சல் செலவும் அதனுடையதே. 2011 ஏப்ரலில் அது நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் கொள்முதல் செய்த அக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது அது. கணினியோடு சேர்ந்தே வந்ததால் யாரும் எதையும் பதிவிறக்க வேண்டியிருக்கவில்லை. பழுது பார்க்கும் கடையில் வன்தட்டை அழித்து விண்டோஸ் மட்டும் போட்டுவிட்டால், பிறகு பாஸைத் தேடிப் படிமத்திடம்தான் போக வேண்டும்.

மதுரை அவனியாபுரத்தில் கைப்பேசி இணையத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு 1.5 ஜிபி. உபுண்டு 24.04 படிமமோ 6 ஜிபியை ஒட்டியது. நான்கு நாள் அளவு அதற்கே போய்விடும்; அதுவரை பாடக் காணொளிகளை மறந்துவிட வேண்டியதுதான். இடையில் இணைப்பு அறுந்தால் உலாவி மீண்டும் முதலிலிருந்து தொடங்கக்கூடும். டோரண்ட் துண்டு துண்டாக இறக்கிச் சரிபார்ப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பதிவிறக்கப் பக்கங்களில் பெரிய பொத்தான் நேரடிப் பதிவிறக்கத்துக்கே. டோரண்ட் எங்கோ ஒரு மூலையில்.

இறக்கிய பிறகும் பாடு தீரவில்லை. FAT32 முறையில் உள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. சிறிய படிமத்தை அப்படியே நகலெடுத்து வைத்தாலும் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ், வென்டாய் போன்ற கருவி வேண்டும். அவற்றுக்கு இயங்கும் கணினி ஒன்று வேண்டும். கணினி இயங்காததால்தானே படிமத்தையே தேடினார்! ஓடிஜி இணைப்பி இருந்தால் எட்ச்டிராய்டு செயலி கைப்பேசியிலிருந்தே எழுதும் என்பதை எத்தனை நிறுவல் வழிகாட்டிகள் சொல்கின்றன?

டெபியனின் நெட்இன்ஸ்ட் படிமம் 1 ஜிபிக்கும் குறைவு என்பார்கள். மிச்சத்தை நிறுவும்போது இறக்க வேண்டும். சுமை தள்ளிப்போகிறது, அவ்வளவே. இணையம் குறைந்தவருக்கு டெபியனின் முதல் டிவிடி படிமமே மேல். 4 ஜிபிக்குள் அடங்கும், மேசைச் சூழலும் அதிலேயே உண்டு.

கைக்குக் கை நகல் கொடுப்பதே இங்கு இயல்பான வழி. நகலில் யாராவது கைவைத்திருந்தால்? 64 எழுத்துள்ள ஷா-256 கூட்டெண்ணை அதிகாரப்பூர்வ தளத்தில் பார்த்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதற்குச் சில கேபி போதும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தையே தாக்கித் தீங்கான படிமத்துக்கு இணைப்பை மாற்றினார்கள். ஆகவே மின்கையொப்பத்தையும் சரிபார்ப்பது நல்லது.

மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ கல்லூரி ஆய்வகங்களிலோ ஒரு கணினியில் பாஸ், டெபியன் படிமங்களை வைத்து, வருவோரின் பென்டிரைவில் எழுதிக் கொடுக்கலாம். உரிமம் அனுமதிக்கிறது. செலவு ஒரு வன்தட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க ஓர் ஆள்.