மல்லிகைக்குப் பதில் கனகாம்பரம்

மதுரைச் சித்திரை வீதியில் 2 முழம் மல்லிகையும் 3 முழம் கனகாம்பரமும் 160 ரூபாய், மல்லிகை முழத்துக்கு 5 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். தெரியாத விலை இரண்டு: மல்லிகைக்கு ம, கனகாம்பரத்துக்கு க. ஆனால் ம = க + 5 என்றதுமே மல்லிகையைக் கனகாம்பரத்தின் கணக்கிலேயே எழுதிவிடலாம். 2(க + 5) + 3க = 160; ஆக 5க = 150. ஒன்பதாம் வகுப்புப் பாடநூல் சொல்லும் பிரதியிடல் முறை இதுதான். இரண்டு கேள்விகளை ஒரே கேள்வியாக்கும் இந்த இடம் எனக்குக் கணிதத்தின் பேரழகுகளில் ஒன்று.

சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை அகற்றும் நீக்கல் முறைதான் வேகமானது என்பார்கள். 7, 5 என்று கெழுக்கள் பெருத்து, பிரதியிட்டால் பின்னம் முளைக்கும் கணக்குகளில் அது உண்மையே. ஆனால் ஒரு சமன்பாடு நேர்கோடாகவும் மற்றது வட்டமாகவும் வந்தால், கூட்டிக் கழித்து நீக்கும் வழி பெரும்பாலும் நின்றுவிடும். பிரதியிடல் அங்கேயும் நடக்கும். தேர்வில் நிமிடம் மிச்சமாவதைவிட, மேல்வகுப்புக்கும் கூடவே வரும் வழியைப் பழகுவது பெரிது. பிள்ளைகளுக்கு முதலில் இதைக் கற்றுக்கொடுங்கள். விடையைத் திரும்ப வைத்துப் பார்க்கவும் சொல்லுங்கள். கனகாம்பரம் 30, மல்லிகை 35; 70-ம் 90-ம் சேர்ந்தால் 160.