தொட்டவனே கணவனா?

புதுக்கோட்டை மாவட்டம் பெருங்களூரில் 1922இல் பிறந்த அகிலன், தமிழுக்கு முதல் ஞானபீட விருதைக் கொண்டுவந்தவர். 1975ஆம் ஆண்டுக்கான அந்த விருதைப் பெற்ற ‘சித்திரப்பாவை’, ஆனந்த விகடனில் தொடராக வந்து வீடுவீடாகப் படிக்கப்பட்ட காதல் கதை. ஓவியன் அண்ணாமலையை நேசிக்கும் ஆனந்தியை மாணிக்கம் பலவந்தமாக முத்தமிட்டுவிடுகிறான். இனி வேறொருவனுக்கு மனைவியாகும் தகுதி தனக்கில்லை என்று நம்பி, அவள் அவனையே மணந்துகொள்கிறாள்.

வெகுஜனக் கதைகள் காதலைப் பற்றித் தவறான பாடம் சொல்கின்றனவா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு முடிச்சு போதும். குற்றம் செய்தவன் அவன். ஆயுள் தண்டனையைத் தனக்கு விதித்துக்கொள்பவள் அவள்.

அகிலன் அவளை அங்கேயே விட்டுவிடவில்லை. அந்தக் கல்யாணம் எப்படி நரகமாகிறது என்பதைக் காட்டி, கடைசியில் அதை உதறி வெளியே வரவும் வைக்கிறார். மாமியாரும் மருமகளும் மாறிமாறிப் படித்த ஒரு குடும்ப இதழில், உயிரோடிருக்கும் கணவனை விட்டுக் கதாநாயகி கிளம்புவது 1960களில் சாதாரணமில்லை. இந்த நாவலுக்கு விருது தரப்பட்டதை எழுத்தாளர் சுந்தர ராமசாமி கடுமையாக விமர்சித்தார். நாவலின் கலைத்தரத்தில் நான் அவர் பக்கம்தான். ஆனாலும் அந்தத் துணிச்சலுக்குரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும்.

என்னை உறுத்துவது வேறு. மாணிக்கம் கெட்ட கணவன் என்று நிரூபணமான பிறகே அவளுக்கு விடுதலை கிடைக்கிறது. அவன் திருந்தி அன்பாக நடந்திருந்தால் அவள் அங்கேயே இருந்திருக்க வேண்டியதுதானா? கதையின் அமைப்பில் இதற்கு விடை இல்லை. பின்னாளைய மாத நாவல்கள் பல இந்த இடைவெளியில்தான் குடியேறின. அவமானப்படுத்தி, மிரட்டித் தாலி கட்டியவன், இறுதி அத்தியாயத்தில் மனம் திறந்துவிட்டால் எல்லாம் காதலாகிவிடுகிறது.

தொட்டவனே கணவன் என்ற நம்பிக்கையை நாவல்கள் உண்டாக்கவில்லை. ஊரிலிருந்து எடுத்து அழகாக்கித் திருப்பித் தந்தன. 2015இல் சென்னை உயர் நீதிமன்றமே, பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்றவனோடு பாதிக்கப்பட்ட பெண்ணைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. எதிர்ப்பு எழுந்த பின் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இத்தகைய வழக்குகளில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் சொல்ல நேர்ந்தது. ‘சித்திரப்பாவை’யைப் பெண்பிள்ளைகளிடமிருந்து ஒளிக்க வேண்டாம். ஆண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும். முத்தக் காட்சியில் நிறுத்தி, மாணிக்கத்தை என்ன செய்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள்.