சங்கச் செய்யுளில் அட்டிற் கருவிகள்

சங்கச் செய்யுளின் சொல்வளம் பேசப்படும் இடங்களில் வேலும் வாளும் யாழும் முழவும் பெறும் சிறப்பை அடுப்பும் உரலும் பெறுதல் அரிது. அவை நாள்தோறும் கையாளப்படும் எளிய பொருள்கள் என்பதே அதற்குக் காரணம் போலும். ஆயினும், 'அடு' என்னும் வினையடியாகப் பிறந்த அடுப்பு, அட்டில், அடிசில் முதலிய சொற்களைப் புலவர் வாளா பெய்தாரல்லர். ஒரு குடியின் வாழ்வும் தாழ்வும் அச்சொற்களாலேயே அளந்து காட்டப்பட்டன.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகின்றது. எயிற்றியர் நிலத்தைக் கிளறித் திரட்டிய புல்லரிசியை முற்றத்து நிழலில் நிலவுரலிற் பெய்து, குறிய உலக்கையாற் குற்றுகின்றனர். விளிம்பு சிதைந்த குழிசியை முரிந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கின்றனர். உரல் உளது, உலக்கை உளது, குழிசியும் அடுப்பும் பழுதுற்றும் தொழிற்படுகின்றன. அவ்வழி வரும் பாணர் சுற்றத்துக்கு அவ்வடுப்பிலிருந்தே தேக்கிலையில் உணவு கிடைக்கும் என்கிறார் புலவர். சிதைந்த கலம் ஈண்டு இன்மையின் குறியன்று. ஓயாது வழங்கித் தேய்ந்ததன் குறியாகும்.

புறநானூற்று 164ஆம் பாடல் இதற்கு மறுதலையானது. நாடிழந்து காட்டிலிருந்த குமணனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாடல் அது. அதில் அடுப்பு முரியவில்லை. பக்கங்கள் உயர்ந்து செவ்விதாகவே நிற்கின்றது. ஆனால் அது சமைத்தலை மறந்துவிட்டது. அதிற் காளான் பூத்திருக்கின்றது. நன்கமைந்த அடுப்பு ஒருகாலத்து அடுதலையும் உணர்த்தி, இன்று அஃது ஒழிந்தமையையும் உணர்த்துதலின், அவலம் இரட்டிக்கின்றது.

நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை இன்னும் ஒருபடி இறங்குகின்றது. பொலிவிழந்த அட்டிலிலே கண் திறவாக் குட்டிகளை ஈன்ற நாய் கிடந்து குரைக்கின்றது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைத் தன் நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, அயலார் காணாதபடி கதவடைத்துச் சுற்றத்துடன் உண்கின்றாள். நோக்கற்பாலது யாதெனின், அட்டில் என்னும் இடப்பெயர் உளதேயன்றி அதனுள் ஒரு கருவியின் பெயரும் இல்லை. கீரை அரியும் கத்திக்கு ஈடாக நகம் நின்றது. வெந்த கலத்தின் பெயர் சொல்லப்படவேயில்லை. சொல்லாது விட்ட சொல்லே இங்கு வறுமையைச் சொல்லிற்று.

இவையெல்லாம் புரவலர் உள்ளத்தை உருக்குதற்பொருட்டு வழிவழி வந்த மரபுரைகளே என்பார் உளர். காளான் இரு பாட்டிலும் வருதலின் மரபுண்மை மறுத்தற்கில்லை. எனினும், மரபு ஒன்றாயின் கருவியும் ஒன்றாதல் வேண்டும். முரிந்தும் எரியும் அடுப்பு, முரியாதும் எரியா அடுப்பு, கருவியே பெயர்பெறா அட்டில் என மூவகை நிலைகளைத் தெரிந்தமைத்தமை புலவர்தம் நுண்ணோக்கின் பயனேயாம்.

உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த பின்னர் இப்பாடல்கள் கற்போர் கைக்கு எளிதில் எட்டின. ஆயினும், குழிசி என்பதற்குப் பானை என்றும், நாலடியார் பாற்கூழின் சுவையறியாப் பேதைக்கு உவமையாக்கிய மூழைக்கு அகப்பை என்றும் பொருளெழுதிய அளவில் நின்றுவிடுவோர்க்கு அப்பொருள்களின் நிலை புலப்படாது. யாழ்ப்பாணத்து மாணவனுக்கு உரலும் உலக்கையும் சுளகும் அகராதி வேண்டாச் சொற்களாய் இருந்தன. புறநானூற்றிற் பயின்ற சுளகு என்னும் சொல்லை அவன் தாய் அரிசி புடைக்கும்போதே கேட்டறிந்தான். இன்றோ மாவை ஆலை அரைக்கின்றது. சம்பலை மின்கருவி அரைக்கின்றது. பல மனைகளில் உரல் முற்றத்து மூலையிற் கவிழ்ந்து கிடக்கின்றது. பொருள் மறையச் சொல்லும் மறையும். சொல் மறையவே, முரிந்த அடுப்புக்கும் மறந்த அடுப்புக்கும் உள்ள வேற்றுமை கற்பார்க்கு எட்டாது போம். ஆதலின், அட்டிற் சொற்களை அவற்றின் வடிவோடும் தொழிலோடும் கற்பித்தல், இலக்கியங் கற்பிப்போர் கடமையுள் ஒன்றாகும்.