1970க்கு முன்னரும் ஒரு மாணவர் காங்கிரஸ்: கல்விச் சமத்துவம் பற்றிய ஈழத்தமிழ் எழுத்துகளில் ஒரு விடுபாடு

ஈழத்தமிழ் மாணவர் எழுச்சி பற்றிய எமது எழுத்துகள் பெரும்பாலும் 1970இல் தொடங்குகின்றன. அதற்குத் தக்க காரணம் உண்டு. 1970-71 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவ பீடம் புகத் தமிழ்மொழிமூல மாணவர் 400க்கு 250 புள்ளிகள் பெறவேண்டியிருந்தது. சிங்களமொழிமூல மாணவருக்கு 229 போதுமானதாயிற்று. பேராதனைப் பொறியியற் பீடத்தில் அவ்வெண்கள் முறையே 250, 227. 1973இல் மொழிமூலத் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் தொடர்ந்தன. தமிழ் மாணவர் பேரவையின் சினம் இவ்வநீதியிற் பிறந்தது. இதில் எனக்கு மாறுபாடில்லை.

ஆயினும் 1970ஐத் தொடக்கமாகக் கொள்ளும்போது, 1924இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் கதையின் முன்னுரையாகக்கூட எஞ்சுவதில்லை. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பு, 1927இல் காந்தியடிகளை வரவழைத்தமைக்காகவும் 1931 அரசாங்க சபைத் தேர்தற் புறக்கணிப்புக்காகவும் அவ்வப்போது நினைக்கப்படுகின்றது. அதன் கடினமான வேலையோ வகுப்பறை பற்றியது. 'பஞ்சமர்' என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் தரையில் இருக்க, ஏனையோர் வாங்கில் இருந்து படித்த காலம் அது. சமஆசனம், சமபோசனம் என்னும் இரு சொற்களை அன்றைய இளைஞர் ஊர்ப்பகையைத் தேடிக்கொண்டே உச்சரித்தனர். அரசின் உதவிபெறும் பாடசாலைகளில் சமஆசனம் வழங்கவேண்டுமென்ற பணிப்பு 1929-30 அளவில் வந்தபோது, எதிர்ப்பு எமது ஊர்களிலிருந்தே எழுந்தது. பிள்ளைகளை மறித்தவரும் மனுக்கொடுத்தவரும் பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீயிட்டவரும் தமிழரே.

இவ்விடுபாடு தரப்படுத்தல் பற்றிய வாசிப்பையும் குறுக்கிவிடுகின்றது. மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாண மாணவரைக் கடுமையாகத் தாக்கியது. மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ் மாணவர் சிலருக்கோ கதவைத் திறந்தது. அவர்களது குரல் எமது நூல்களில் அரிது. மலையகப் பிள்ளையின் நிலை இன்னும் வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட பெற்றோரின் பிள்ளைகளுட் பலருக்குத் தோட்டப் பள்ளி ஆரம்ப வகுப்புகளோடு முடிந்தது. வெட்டுப்புள்ளி உயர்ந்ததோ தாழ்ந்ததோ அவர்களை எட்டவில்லை.

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல், தரப்படுத்தற் சர்ச்சை நடுவே வெளிவந்தது. எம் விமர்சகர் அதனைச் சாதி இலக்கியம் என்ற தட்டிலும், தரப்படுத்தலை இன அரசியல் என்ற தட்டிலும் வைத்தனர். ஒரே மண்ணின் ஒரே ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் முயற்சி மிகக் குறைவு. (நானும் நெடுங்காலம் அவ்வாறே கற்பித்தேன்.)

புலம்பெயர் சூழல் இதற்கு வாய்ப்பளித்திருக்க வேண்டும். கிரெனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பெர்னாட் கோட், மேற்கிந்தியப் பிள்ளைகளை மந்தபுத்தியினராக ஆக்குவது பிரித்தானியப் பாடசாலை முறையே என 1971இல் சிறுநூலொன்றில் வாதிட்டார். எமது மாணவர் பலர் இலண்டன் வந்திறங்கிய காலம் அது. பிள்ளையை எந்த இருக்கையில் யார் இருத்துகின்றார் என்ற அவரது வினா, யாழ்ப்பாண வாலிபர் ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன்னர் கேட்டதே. நாமோ அந்நூலை வேறொரு சமூகத்தின் துயரமாகக் கருதி விலகிநின்றோம்.

ஹரோவில் வாரஇறுதித் தமிழ்ப் பாடசாலை ஒன்றில், 250, 229 என்னும் எண்களைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் தடுமாறாமற் சொல்கின்றனர். சமஆசனம் என்ற சொல்லை அவர்களுள் ஒருவரும் கேட்டதில்லை. அதனையும் பாடத்திற் சேர்க்கலாமே என்றேன். பிள்ளைகள் குழம்பிவிடுவர் என்று விடைவந்தது. வரும் தவணைக் கூட்டத்தில் மீண்டும் கேட்க எண்ணியுள்ளேன்.