தோணி மாதிரி: அளவும் அலங்காரமும்

கப்பல் மாதிரியை எடைபோட மூன்று கேள்விகள் போதும். வடிவம் எங்கிருந்து எடுக்கப்பட்டது? கட்டிய முறை மூலக்கலத்தின் முறையோடு ஒத்துப்போகிறதா? நுணுக்கங்கள் எல்லாம் ஒரே அளவுக்குள் நிற்கின்றனவா? மெருகு இவற்றுக்குப் பின்னால்தான் வரும். தூத்துக்குடித் தோணி என்ற பெயரில் செய்யப்படும் மாதிரிகளில் பெரும்பாலானவை முதல் கேள்வியிலேயே சறுக்குகின்றன.

பெட்டியில் வாங்கிக் கட்டும் ‘விக்டரி’, ‘கட்டி சார்க்’ கப்பல்களை நான் குறைத்துப் பேசவில்லை. பலகை வளைக்கவும் கயிறு பூட்டவும் அவற்றைவிட நல்ல பயிற்சி இல்லை. லாங்ரிட்ஜ் விக்டரியைப் பற்றி எழுதிய நூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உழைப்பவரின் வேலை அருங்காட்சியகத் தரத்தை எட்டும். ஆனால் வடிவம் பற்றிய முடிவுகளையெல்லாம் வேறொருவர் முன்பே எடுத்துவிட்டார். கை தேறுகிறது, கண்ணுக்கு அங்கே வேலை குறைவு.

தோணியில் அந்த வசதி இல்லை. அது ஓடாவி எனப்படும் படகுத் தச்சரின் மனக்கணக்கில் எழுந்த கலம். சான்றுகள் இல்லாமலும் இல்லை. திரிகோணமலைக் கப்பல் தளத்தில் தலைமைத் தச்சராக இருந்த ஜான் எடி, 1834-இல் வெளியான கட்டுரையில் சோழமண்டலக் கரைத் தோணிக்கு நீளம் சுமார் 70 அடி, அகலம் 20 அடி, தட்டையான அடிப்பகுதி அகன்ற இடத்தில் 7 அடி என்று கணக்குத் தருகிறார். 1:48 அளவில் இவை பதினேழரை, ஐந்து, ஒன்றேமுக்கால் அங்குலம். எடி கண்டது ஒற்றைப் பாய்மரக் கலம்; பிற்காலத் தூத்துக்குடித் தோணிக்கு மூன்று மரம். எனவே எண்களை அப்படியே பெயர்க்கக் கூடாது. அகன்ற அடி என்ற கூறைக் கைவிடவும் கூடாது. 1974-இல் தூத்துக்குடியில் பெருந்துறைமுகம் அமையும்வரை கரையோரக் கடல் ஆழமற்றதாக இருந்ததால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டன; சரக்கை ஏற்றி இறக்கியவை தோணிகள். அந்தத் தொழில்தான் அதன் வயிற்றை அகலமாக்கியது.

அலங்காரப் பொருளாக விற்கும் மாதிரிகள் அந்த வயிற்றைத்தான் பலி கொடுக்கின்றன. அடி ஒடுங்குகிறது, அணியம் தூக்கி நிற்கிறது, வார்னிஷ் பளபளக்கிறது. ஓர் அங்குல விட்டமுள்ள கயிறு 1:48-இல் அரை மில்லிமீட்டர் நூலாக வேண்டும். கட்டியிருப்பதோ நங்கூர வடம்போலத் தெரியும் சணல். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பாய் காற்றை வாங்கி நிற்கும் சாய்வு பல மாதிரிகளில் மிகச் சரி. கடலோடு பழகிய கண் அங்கே வேலை செய்திருக்கிறது. அதே கண் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்காதது பெருங்குறை.

முறை பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. பாக் நீரிணைக் கரையின் வத்தை என்னும் மீன்பிடிப் படகுகளை 1990களில் ஆராய்ந்த லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மக்ரெயில் குழுவினர் பதிவுசெய்தது இது: முதலில் கால்கள் எனப்படும் குறுக்குச் சட்டங்கள் நிற்கும், பிறகே பலகை ஏறும், காலின் வளைவை ஓடாவி பலகையில் கீறிய கோடுகளிலிருந்து எடுப்பார். காகித வரைபடம் இல்லாமலே வடிவவியல் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஒரே கட்டையைச் செதுக்கித் தோணி என்று வைப்பது இந்தக் கரையின் அறிவையே விட்டுவிடுவது. சிறு படகுக்குச் செதுக்கல் பொருந்தலாம், தோணிக்குப் பொருந்தாது.

என் தீர்ப்பு இது. அடிமரமான ஏராவும் கால்களும் சரியான இடத்தில் நின்று, ஒரு பக்கம் பலகை ஏறாமல் திறந்து கிடக்கும் தோணி மாதிரி, மெருகு குறைந்திருந்தாலும், குறையற்ற விக்டரிக்கு மேல். விக்டரி தெரிந்ததைத் திரும்பச் செய்கிறது. தோணி தெரியவேண்டியதைச் சேர்த்துவைக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் தேர்ந்த கை உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழுதுபார்க்கக் கரையேறும் தோணியைக் கண்டால், உரிமையாளரிடம் கேட்டு நாடாவைப் பிடியுங்கள். ஏராவின் நீளம், கால்களின் இடைவெளி, நடுக்காலின் வளைவு, இந்த மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகு மரம் அறுங்கள்.